ஜன்னல் மூடும் விதம்

நான் புகார் கொடுக்கத்தான் வந்தேன், சார். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. வாசலில் நின்ற காவலர் என் சட்டையைப் பார்த்ததும் வேறு மாதிரி புரிந்துகொண்டுவிட்டார். காக்கநாட்டிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்த சிபியூவை இன்னும் எனக்குத் திருப்பித் தரவில்லை. அதை யாரோ பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். நிமிர்த்தி வைக்கச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதம் கொடுத்தீர்கள், சாயாவும் பழம்பொரியும் வந்தன. பழம்பொரி நன்றாக இருந்தது. நான் எளிதில் கோபப்படுகிற ஆள் இல்லை. கல்லூரி கேன்டீனில் புட்டு கேட்டு உப்புமா வந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிடுவேன். வகுப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதாவது ரெஜியைத் தவிர யாரைக் கேட்டாலும்.

என் பெயர் எல்தோ. ஊர் கோதமங்கலம் பக்கம். கம்ப்யூட்டர் பொறியியல், கடைசி வருடம். காக்கநாட்டில் வர்க்கி அச்சாயன் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவரின் வீட்டு மாடியில் மூன்று பேர் இருந்தோம். நான், என் வகுப்புத் தோழன் ரெஜி, செல்போன் கடையில் வேலை பார்க்கும் சுனீர். கீழே அச்சாயன் தனியாக இருந்தார். இவ்வளவுதான் ஆட்கள். வேறு யாரும் இதில் இல்லை. இருந்திருந்தால் இந்த வாக்குமூலம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

என் கணினியைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. உங்கள் மேசைமேல் இருக்கிற கணினியில் ஒரு ஜன்னலை மூடினால் என்ன ஆகிறது, சார்? பட்டென்று காணாமல் போகிறது. உங்களுக்குப் பழகிவிட்டது. எனக்கு அது செத்த வீட்டில் விளக்கை அணைக்கிற மாதிரி இருக்கும். என் கணினியில் அப்படி இல்லை. மூடு என்று சொன்னதும் ஜன்னல் கொஞ்சம் பின்னால் சாயும், கண்ணாடி போலாகும், பிறகு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிக் கரையும். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஒரு மனிதர் பேச்சை முடித்து எழும்போது 'அப்போ வரட்டுமா' என்று சொல்வாரே, அந்த மரியாதை. இழுத்தால் நெளியும், விட்டால் ஒரு குலுக்கல் குலுங்கி நிற்கும். இப்படி முப்பத்தெட்டு அமைப்புகள். ஓணம் விடுமுறை முழுவதும் ஊருக்குப் போகாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செதுக்கினேன். ஓண சத்யா விருந்துக்கு அம்மா மூன்று தடவை போன் செய்தாள். நிழலின் அடர்த்தி சரியாக வரவில்லை என்று சொன்னேன்.

லினக்ஸ் ஆட்களாகிய எங்களுக்கு இது ஒரு மதம் மாதிரிதான். மற்றவர்கள் கணினியை வாங்குவார்கள், நாங்கள் கட்டுவோம். கட்டியதைக் காட்ட வருடத்துக்கு ஒரு நாள் கல்லூரியில் கண்காட்சி உண்டு. எங்கள் கட்டற்ற மென்பொருள் சங்கம் நடத்துவது. இந்த வருடம் நவம்பர் இருபத்தெட்டு. சங்கச் செயலாளர் ரெஜி. பெரிய திரையில் முதல் காட்சி என்னுடையது என்று அவனே முடிவு செய்து பெயர்ப் பட்டியலும் ஒட்டிவிட்டான். முதல் வருடப் பிள்ளைகள்கூட என்னை வழியில் நிறுத்தி, "சேட்டா, அந்தக் கரையற ஜன்னலைக் காட்டுவீங்களா?" என்று கேட்டார்கள். மூன்றரை வருடத்தில் என்னை யாரும் வழியில் நிறுத்தியதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் புது ஹார்ட் டிஸ்க் வட்டு ஒன்று போட்டேன். முதல் வருடத்தில் பயன்படுத்தி மேசைக்குள் போட்டு வைத்திருந்த பழைய வட்டிலிருந்த என் கோப்புகள் எல்லாவற்றையும், மறைகோப்புகள் உட்பட, ஒன்று விடாமல் புதியதற்குக் கொண்டுவந்தேன். வீடு மாறும்போது உடைந்த குடையைக்கூட விட்டுவைக்காத ஆட்கள் உண்டல்லவா, அந்த ரகம் நான்.

நவம்பர் ஏழாம் தேதி காலையில் கணினியைப் போட்டேன். எல்லாம் சாம்பல் நிறம். ஜன்னலை மூடினேன். பட்.

முப்பத்தெட்டு அமைப்புகளும் போயிருந்தன. மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டு, சேமித்து, அணைத்து, திறந்தேன். சாம்பல். அன்றைக்கு மூன்று தடவை இப்படி. ரெஜி கட்டிலில் படுத்துக்கொண்டு மிக்ஸர் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளியா, உன் மூஞ்சியைப் பாத்தா யாரோ உன் கிட்னியை எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு."

"செட்டிங் நிக்க மாட்டேங்குது."

"இதுக்குப் போய் ஏன்டா பதர்றே? ஒவ்வொண்ணா கழட்டிப் பாரு. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. எதைக் கழட்டினப்புறம் சரியாகுதோ அதுதான் கள்ளன். மத்தபடி கண்டதையும் ஒரே நேரத்துல நோண்டினே, ஏழு ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டே."

இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன், சார். முறை என்னுடையது இல்லை. ரெஜியுடையது. நல்ல முறை. இப்போதும் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, கழற்றியது, விளைவு. மூன்றே கட்டம். கணினி தொடங்கும்போது தானாக ஓடுகிற கோப்புகள் ஆறு இருந்தன. ஐந்தை எனக்குத் தெரியும், எடுத்துவிட்டேன். ஆறாவது ஒரு மறைகோப்பு. அதன் பெயர் 'தொடாதே'. அவ்வளவு பொறுப்பாகப் பெயர் வைத்த ஒருவன் காரணம் இல்லாமல் வைத்திருக்க மாட்டான் என்று பட்டது. தொடவில்லை. எட்டாம் தேதி காலையில் போட்டபோது முப்பத்தெட்டும் நின்றன. பிறகு எடுத்த ஐந்தையும் நாளுக்கு ஒன்றாகத் திரும்ப வைத்தேன். ஒன்றும் கெடவில்லை. ஆக, குற்றம் கணினிக்குள் இல்லை என்று தெளிவாயிற்று. வெளியே இருந்தது.

பதினான்காம் தேதி காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது சுனீர் என் நாற்காலியில் இருந்தான். திரையைப் பார்த்தேன். சாம்பல்.

"சுனீரே, இதைத் தொட்டியா?"

"ரெண்டே நிமிஷம் சேட்டா. நேத்து நாங்க ஆடின மேட்ச்சை ஒருத்தன் போட்டிருக்கான். நான் புடிச்ச பெனால்டியைப் பாருங்க. என் போன்ல டேட்டா தீந்துபோச்சு."

"ஜன்னலை என்ன பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலை. முன்னாடி மாதிரி புழு நெளியற மாதிரி நெளியவே இல்லை. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒருவழியா சரி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

சரி பண்ணிட்டீங்க என்றான். அந்தச் சொல்லை நான் நோட்டில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை. அன்று இன்னும் இரண்டு தடவை சரிசெய்தேன், இரண்டு தடவையும் போயிற்று. அவன் வரும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததா?

சுனீர் மஞ்சேரிக்காரன். செவன்ஸ் என்கிற ஏழு பேர் கால்பந்தில் கோலி, அதாவது கோல்கீப்பர். டிசம்பரில் போட்டிகள் தொடங்கப்போவதால் தினமும் காலையில் மாடிப்படியில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் தேய்ப்பான். தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டுமென்றால், "விரலுக்கு ஆகாது சேட்டா" என்று கழன்றுகொள்வான். விசைப்பலகை மட்டும் விரலுக்கு ஆகும் போலிருக்கிறது.

மறுநாள் பதினைந்தாம் தேதி காலையில் வாசல் இரும்புக் கேட்டின் கீல் இறங்கியிருந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொள், நான் தூக்கி உட்கார வைக்கிறேன் என்றேன். பிடித்தான். கேட்டும் தூணும் சேர்கிற இடத்தில்தான் கை வைப்பான் என்று எனக்குத் தெரியும், பிடிப்பதற்கு வேறு இடம் இல்லை. நான் முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினேன். பப்படத்தைக் கையில் வைத்து நொறுக்கினால் வருகிற சத்தம்தான். நான்கு விரல்கள். கட்டைவிரலை மட்டும் எடுத்துவிட்டான், கோலி அல்லவா. கேட்டைத் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. இழுத்தபோதுதான் கத்தினான். அதுவரை வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். டாக்டர் இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியாது என்றபோது சுனீர் அழுதான், ஆனால் என்னைப் பார்த்து, "சேட்டன் வேணும்னு பண்ணலையே, நீங்க ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க, போய்ச் சாப்பிடுங்க" என்றான். நல்ல பிள்ளை. அவனுடைய அண்ணன் மஞ்சேரியிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து கணினியைப் போட்டேன். முப்பத்தெட்டும் நின்றன.

சங்கத்தின் அரட்டைக் குழுவில் தீர்ந்தது என்று ஒரு வரி போட்டேன். ரெஜி உடனே கேட்டான்.

"எப்படிடா சரி பண்ணினே?"

"ஒரு பயனரோட அனுமதியை நீக்கினேன்."

"அதைத்தானே அளியா முதல்லயே சொன்னேன்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பொய் ஒன்றும் நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

ஐந்து நாள் நிம்மதியாக இருந்தேன். மனம் லேசாக இருந்ததால் ஒரு நாள் எல்லோருக்கும் பொறோட்டாவும் பீஃபும் வாங்கி வந்தேன். எல்லோருக்கும் என்றால் ரெஜிக்கும் எனக்கும்.

இருபத்தொன்றாம் தேதி காலை. சாம்பல்.

இந்தத் தடவை எனக்கு உடனே பொறிதட்டியது. வர்க்கி அச்சாயனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டை விட்டுக் காலை வெளியே வைத்தால் கீழே மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். அவருடைய மச்சான் வீடு ஒரு காலத்தில் மின்கசிவில் எரிந்துபோனதாம். மேலே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். முந்தின நாள் சர்ச்சுக்குப் போனபோதும் இறக்கியிருந்தார். என் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அவருடைய ஜெபம் அதைவிட நீளம். நடுவில் செத்த கணினி அமைப்புகளை எப்படிச் சேமிக்கும்? கேட்கக் கீழே இறங்கினேன். மீன் வாங்கப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். கை மெயினில் இருந்தது.

"அச்சாயா, மேல ஆள் இருக்கும்போது இறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எடா மோனே, ஆள் வேகறதைவிட ஆள் வேர்க்கறது நல்லதுதானே?"

"கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கு."

"ஓடற வண்டியை நிறுத்தினா என்ன ஆகும்? நிக்கும். அவ்வளவுதான். அதுக்குப் போய் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே? மத்தி கிடைச்சா உனக்கும் ரெண்டு பொரிச்சுத் தரேன்."

இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வந்து ஏற்றிய பிறகு போட்டுப் பார்த்தேன். சாம்பல். இதற்கு மேல் சான்று வேண்டுமா? மத்தி கிடைத்திருந்தது. இரண்டு கொடுத்தனுப்பினார். தின்றேன். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு அச்சாயன் கிணற்று மோட்டாரைப் போட்டார். ரெஜி கல்லூரிக்குப் போயிருந்தான். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மெயினை இறக்கினேன். எவ்வளவு சுலபம் என்று எனக்கே ஆச்சரியம். மோட்டார் நின்றது. எனக்கு நடந்தது அவருக்கும் நடக்க வேண்டும் அல்லவா, ஓடுகிற ஒன்றை யாரோ நிறுத்துவது. ஆனால் அவர் மெயினைச் சந்தேகிக்கவில்லை. கிணற்றைத்தான் சந்தேகப்பட்டார். குழாயின் அடிவாயில் சகதி அடைத்துவிட்டது என்று நினைத்து, கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த வயதில் அவ்வளவு தூரம் குனியக்கூடாது. பின்னால் போய்க் கணுக்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். நான் நினைத்ததைவிடக் குறைவான எடை. இறங்கும்போது செங்கல்லில் இரண்டு இடத்தில் பட்டார்.

கரையவில்லை, சார். அதைத்தான் கவனித்தேன். சாயவில்லை, கண்ணாடியாகவில்லை. பட்டென்று இல்லாமல் போனார்.

கீழே தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. "எல்தோ மோனே" என்று குரல் வந்தது. "கால் வழுக்கிருச்சுடா, கயிறு எடுத்துட்டு வா." தானாக வழுக்கி விழுந்ததாகவே நினைத்தார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், ஏனென்றால் வீட்டில் நான் இருப்பது அவருக்குத் தெரியும். நான் மெயினை ஏற்றிவிட்டு மாடிக்குப் போனேன். முப்பத்தெட்டையும் போட்டேன், சேமித்தேன், அணைத்தேன், திறந்தேன். நின்றன. இன்னொரு தடவை. நின்றன. மூன்றாவது தடவையும் சோதித்துவிடலாம் என்று சோதித்தேன். முழுச் சோதனைக்கும் இருபது நிமிடம் ஆயிற்று. குரல் எவ்வளவு நேரம் வந்தது என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். அதனால்தான் அது எனக்குச் சரியாகத் தெரிகிறது. கடைசி ஐந்து நிமிடம் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மதியம் மீன்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊரைக் கூட்டினார். வழுக்கி விழுந்தார் என்று உங்கள் ஸ்டேஷனிலேயே எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அடக்கத்தின்போது பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். வளைகுடாவிலிருந்து வந்த மகள் என் கையைப் பிடித்து, "அப்பச்சன் போன்ல எப்பவும் உன்னைப் பத்தித்தான் சொல்வாரு, மேல இருக்கற பையன் கம்ப்யூட்டர்ல என்னமோ அழகா பண்றான்னு" என்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் அவர் மெயினை இறக்கினார் என்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

இருபத்தேழாம் தேதி மாலை வரை எல்லாம் சரி. கண்காட்சிக்காக அணைத்துப் பொட்டலம் கட்டினேன்.

இன்று காலை கல்லூரி அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள், சார். அந்த முதல் வருடப் பிள்ளைகள் தரையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். சுவர் அளவு திரையில் சாம்பல் நிறம் எழுந்தது. ஒரு ஜன்னலைத் திறந்து மூடினேன். பட். இன்னொன்று. பட். ரெஜி மைக்கை எடுத்தான்.

"நண்பர்களே, இதுதான் நம்ம எல்தோவோட புதிய படைப்பு. மூணு மாசம் சோறு தண்ணி இல்லாம உழைச்சது. இதுக்கு அவன் வெச்சிருக்கற பேரு, துக்கவீடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையிலேயே நல்ல நகைச்சுவை. பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று கைதட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. ரெஜிக்கு மனசு கேட்கவில்லை.

"டேய், மைக்ல சொன்னதுக்குக் கோவமா? எல்லாரும் உன்னைப் பாவமா பாக்க ஆரம்பிச்சுட்டாங்க அளியா, அதான் சிரிக்க வெச்சேன். இல்லேன்னா நீ அங்கேயே அழுதிருப்பே."

"கோவம் இல்லை."

"இரு, ஒரு சாயா போடு. நான் உக்காந்து பாக்கறேன். எந்தக் கள்ளனா இருந்தாலும் இன்னிக்குப் பிடிச்சுரலாம்."

சமையலறையில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது யோசித்தேன். சுனீர் போயாயிற்று. அச்சாயன் போயாயிற்று. வீட்டில் இன்னும் கழற்றாமல் இருப்பது யார்? என் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? என்னை மேடையில் ஏற்றியது யார்? இவ்வளவு வெளிப்படையான விஷயத்தை இவ்வளவு நாள் பார்க்காமல் இருந்தேனே என்று எனக்கு என்மேலேயே வருத்தமாக இருந்தது. ஒரு தப்பும் செய்யாத அச்சாயனிடம் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

இரண்டு கிளாஸ் சாயாவோடு வந்தேன். ரெஜி என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. ஒரு கை விசைப்பலகையில், ஒரு கை என் நோட்டின் மேல்.

"கிடைச்சுட்டான் அளியா! கள்ளன் கிடைச்சுட்டான். யாருன்னு தெரியுமா? நீ நம்பவே மாட்டே."

"யாரு?"

"அவ்வளவு சீக்கிரம் சொல்லிருவேனா? முதல்ல சாயா. அப்புறம் உன் காலைப் பிடிச்சுக் கும்பிடணும். என் வாழ்க்கைல இப்படி ஒரு கழுதையைப் பாத்ததில்லடா. நோட்டுல தேதி போட்டிருக்கே, தேதி, அதைக் கொஞ்சம்... வேண்டாம், நானே சொல்லிட்டா ருசி போயிரும். நீயே கண்டுபிடி."

எனக்குப் புதிர்கள் பிடிக்காது. முதலில் கணினியை ஒழுங்காக அணை என்றேன். எதுவாக இருந்தாலும் முறைப்படி அணைக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே அணைத்தான்.

"அணைச்சாச்சு சாரே. உக்காரு, சொல்றேன்."

நான் கிளாஸ்களை மேசையில் வைத்தேன். கீழே வட்டக் கறை பிடிக்காமல் இருக்கச் செய்தித்தாள் போட்டுத்தான் வைத்தேன். யுபிஎஸ்ஸைச் சுவர்ச் செருகியிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்தேன். உள்ளே மின்கலம் இருப்பதால் பார்ப்பதைவிடக் கனம். அவன் திரும்பவில்லை. சாயா கிளாஸை எடுக்கக் கை நீட்டியிருந்தான். முதல் தடவை பின்மண்டையில். "எடா" என்றான். திட்டுகிற எடா இல்லை, வாசலில் யாரையோ பார்த்துக் கூப்பிடுகிற எடா. நாற்காலியோடு விழுந்தான். இரண்டாவது தடவை நெற்றியில், அப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ சொல்ல உதட்டைக் குவித்தான். மூன்றாவதுக்குப் பிறகு முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு தடவை போட்டேன், ஏனென்றால் கால் நெளிந்துகொண்டிருந்தது. அந்த நெளிவு மட்டும் அழகாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை.

அவன் சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். இருக்கலாம். ஆனால் குற்றவாளி தன் குற்றத்தைத் தானே சுவாரசியமாகச் சொல்கிறான் என்றால் யாருக்குத்தான் முழுக்கக் கேட்கப் பொறுமை இருக்கும்?

இரண்டு கிளாஸ் சாயாவையும் நானே குடித்தேன். விசைப்பலகையைத் துடைத்தேன். கணினியை நேராகச் சுவர்ச் செருகியில் மாட்டினேன். முப்பத்தெட்டு அமைப்புகள். சேமித்தேன். அணைத்தேன். திறந்தேன்.

சாம்பல்.

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது, சார். மூன்று பேரையும் கழற்றியாயிற்று. வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம். ஆனாலும் கெடுகிறது. அப்படியானால் வெளியாள் எவனோ என் கணினிக்குள் நுழைகிறான். அதற்குத்தான் உங்களிடம் புகார் கொடுக்க வந்தேன். ரத்தத்தைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதால் பேச்சு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

சைபர் பிரிவிலிருந்து ஷைனி மேடம் வந்தார். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். என் நோட்டைப் புரட்டிவிட்டு உங்களிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"சாரே, ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு, இருபத்தெட்டு. நாலும் திங்கக்கிழமை. இந்த ஆள் தேதி மட்டும் எழுதியிருக்கான், கிழமை எழுதலை."

உண்மைதான். எங்கள் துறையில் கிழமை எழுதும் வழக்கம் இல்லை. எண்களைத்தான் நம்புவோம். ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தெரியாமல் இல்லை, கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண்தான்.

பிறகு 'தொடாதே' கோப்பைத் திறந்தார். அதைக் கடைசியாகத் திறந்தது இன்று மதியம் இரண்டு நாற்பதுக்கு, அதாவது ரெஜி. அதற்கு முன் திறந்தது மூன்று வருடத்துக்கு முன்பு, எழுதியவன். தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நீங்கள் சத்தமாகப் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன்.

'டேய் எல்தோ, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து நோண்டி எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருப்பே. திங்கக்கிழமை லேப் இருக்கு. அதனால வாராவாரம் அந்த ஒரு நாள் மட்டும் பழைய சாம்பலுக்கே மாத்திடறேன். உன் நல்லதுக்குத்தான். இப்படிக்கு, எல்தோ.'

சுத்தமான வேலை. ஒரு வரி அதிகம் இல்லை. எழுதியவனுக்கு நல்ல கை என்று ஒப்புக்கொள்கிறேன். முதல் வருடத்தில் நான் இப்படித்தான் எழுதுவேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன். சுனீரின் விரல்களை நசுக்கியது நான். வர்க்கி அச்சாயனைக் கிணற்றில் தள்ளியது நான். ரெஜியைக் கொன்றது நான். மூன்றையும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை, சார். இந்த அறையில் என் கணினியைப் போட்டபோதும் சாம்பல்தான் வந்தது. அப்போது நான் நான்கடி தள்ளி, கையில் விலங்கோடு இருந்தேன். விசைப்பலகையில் இருந்தது ஷைனி மேடத்தின் கை. மெலிந்த கை, மோதிர விரலில் ஒரு சின்ன வெட்டுக்காயம். முழுப்பெயர் கேட்டேன், சொல்லவில்லை. பரவாயில்லை. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் அவர் பெயரைத் தெரிந்த அளவுக்கு எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டிருக்கிறேன். கிழமை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.